பந்திவிசாரணையும் நிர்வாகக் குழுவும்

1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவிய வி. எஸ். அசரியா, கே. டி. பால் முதலானோர் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்றனர். அயல்நாட்டு மிஷன்கள் ஆண்ட காலத்தில் அது துணிவான கொள்கை. எனினும் எந்த இந்தியர் நிர்வகிப்பர் என்ற வினா எஞ்சியது.

அப்போஸ்தலர் 6 இவ்வினாவையே தொடுகிறது. தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டதால் கிரேக்க மொழியினர் முறுமுறுத்தனர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. பெயரை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாதெனினும், குறைகூறிய தரப்பாரிடமே பந்தி ஒப்புவிக்கப்பட்டதெனக் கொள்ள இடமுண்டு. (விதவை ஒருவரேனும் அவ்வெழுவருள் இல்லை என்பதையும் மறைத்தலாகாது.)

வளவனூரில் கரும்பு வெட்டும் பெண்களுக்காகச் சபையார் ஒரு சங்கம் அமைப்பதாகக் கொள்வோம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் குறைந்தது மூவர் கொண்ட குழுவைக் கேட்கும். அம்மூவர் எத்தகையோர் எனக் கேளாது. ஊதியமின்றி உழைக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரையும் வழக்கறிஞரையும் பழிப்பது நம் நோக்கமன்று. அவர்களின்றிக் கணக்குகள் தணிக்கைக்குப் போவதும் அரிது. ஆனால் பகல் பதினொரு மணிக் கூட்டத்திற்கு அன்றைய கூலியை இழந்து எப்பெண் வருவாள்? கௌரவப் பணி என்னும் ஏற்பாடே வசதியுள்ளோரை மட்டும் நிறுத்திக்கொள்ளும் சல்லடையாகிவிடுகிறது. இழந்த கூலியைச் சங்கமே ஈடுசெய்து, கூட்டத்தையும் மாலையில் கூட்டினாலன்றி அவளது நாற்காலி வெறுமையாகவே கிடக்கும்.