குப்ரிக்கின் பயிற்சி முகாம்

ஸ்ரான்லி குப்ரிக்கின் 'புல் மெற்றல் ஜாக்கற்' (1987) என்னும் திரைப்படத்தைப் போரெதிர்ப்புப் படைப்பு எனப் பாராட்டுவோர் பலர். அப்பாராட்டு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஈண்டு நம் ஆராய்ச்சி. படத்தின் பிற்பகுதியாகிய வியட்நாம் போர்க்களத்தை விட்டுவிடுவோம். அமெரிக்க மரீன் படையின் பரிஸ் தீவுப் பயிற்சி முகாமைக் காட்டும் முற்பகுதியே படத்தின் உயிர்.

அம்முகாமுக்கு ஒரு வரலாறு உண்டு. 1956 ஏப்ரில் 8ஆம் திகதி இரவு, மக்கியோன் என்னும் பயிற்றுநர், ஒழுங்கு கற்பிக்கிறேன் என்று தம் அணியினரை றிபன் கிறீக் என்னும் நீரோடைக்குள் நடத்திச் சென்றார். அறுவர் மூழ்கி மாண்டனர். கவனயீனத்தால் மரணம் விளைவித்தமைக்கும் மது அருந்தியமைக்கும் இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. பயிலுநரைக் கொடுமைப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டிலிருந்தோ விடுவித்தது. மதுவும் கவனயீனமும் தனிமனிதனின் குறைகள். கொடுமை அம்முறையின் குறை. தண்டிக்கப்பட்டவை முன்னவையே. மேற்பார்வைக்குப் புதிய ஏற்பாடுகள் வந்தன என்பதையும் மறைத்தலாகாது. ஆனால் மறு ஆண்டிலேயே, ஜாக் வெப் நெறிப்படுத்தி நடித்த 'த டி.ஐ.' மரீன் படையின் ஒத்துழைப்புடன் வெளிவந்தது. கடுமையே கருணை என்பது அதன் வாதம். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

குப்ரிக் அத்தகையவர் அல்லர். பருத்த உடலும் மந்த புத்தியும் உடைய பைல் என்னும் இளைஞனின் றங்குப்பெட்டியில், ஒளித்துவைத்த டோனற் ஒன்று அகப்படுகிறது. பயிற்றுநர் ஹாட்மன் அவனை அடிக்கவில்லை. அவன் அதை நின்று தின்ன, மற்றவரெல்லாம் தண்டால் எடுக்க வேண்டும். இனி அவன் பிழைக்கு அவர்களே தண்டனை பெறுவர். சில நாட்களின் பின் ஓரிரவு, தோழர்கள் அவன் வாயை அடைத்து, போர்வையால் அழுத்திப் பிடித்து, துவாயில் சுற்றிய சவர்க்காரக் கட்டிகளால் அடிக்கின்றனர். அவனுக்குத் துவக்கைக் கையாளவும் சப்பாத்துக் கட்டவும் பொறுமையோடு கற்பித்த ஜோக்கர், தயங்கி நிற்கிறான். பின்பு அவனே மீண்டும் மீண்டும் அடிக்கிறான். கட்டிலில் திரும்பிப் படுத்துக் காதுகளைப் பொத்திக்கொள்கிறான். அதிகாரம் தன் கையைப் பயன்படுத்தாமலே வேலையை முடித்துவிட்டது. ஒருவன் பிழைக்கு வகுப்பு முழுவதையும் வாங்கின்மேல் ஏற்றிய அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கு இக்காட்சி இலேசில் செரிக்காது.

இவ்வளவு கண்ட கலைஞன் ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான் என்பதே என் குறை. ஹாட்மனாக நடித்த லீ ஏர்மி, உண்மையிலேயே மரீன் பயிற்றுநராக இருந்தவர். அவருடைய வசைகளைச் சுவைஞர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்லி மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சிக்குப் படமும் பொறுப்பாளியே. ஹாட்மனுக்கு மேலே யார் இருந்தனர்? அவ்விளைஞர்கள் முறையிட விரும்பின் யாரிடம் போயிருக்கலாம்? முகாமில் அதிகாரி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆகவே கொடுமை ஒரு மனிதனின் சுபாவமாகச் சுருங்கிவிடுகிறது. றிபன் கிறீக் வழக்கின் தீர்ப்பும் இதுவே அன்றோ?

முகாமின் இறுதி இரவில், கழிப்பறையில், பைல் தன் துவக்கால் ஹாட்மனைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். ஜோக்கர் அருகில் நின்று காண்கிறான். விசாரணை நடந்ததா, யார் எதைக் கேட்டனர், இவன் என்ன சொன்னான் என்பது பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்த காட்சியில் டனாங் நகரத் தெருவில் இராணுவப் பத்திரிகையின் நிருபனாக அமர்ந்திருக்கிறான் ஜோக்கர்.