திரும்புகிற இடம்

ஆற்றங்கரைக் குறுக்குத்துறையில் வளர்ந்தவர்களுக்கு நீச்சல் என்றால் முதலில் முங்குவது. கை வீசுவதெல்லாம் அப்புறம். முருகன் கோயில் பக்கத்துப் படியில் வரிசையாக நின்று, ஒன்றாக முங்கி, மூச்சு முட்டுகிறவரை தண்ணீருக்குள்ளேயே போய், எவன் தூரத்தில் தலையைத் தூக்குகிறான் என்பதுதான் எங்கள் போட்டி. "மேல கெடந்து கைய வீசுதவன், அரவமில்லாம உள்ள போறவன்கிட்ட தோத்துத்தாம்ல போவான்" என்பார் பெரியப்பா. நீச்சல் குளம் என்ற ஒன்றில் கால் நனைக்காமலே போய்ச் சேர்ந்தவர் அவர். 2025 ஜூலை 30 அன்று சாயங்காலம், சிங்கப்பூரில் நடந்த உலக நீச்சல் போட்டியை டவுனில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

ஆண்கள் 200 மீட்டர் தனிநபர் மெட்லி, அரையிறுதி. பிரான்சின் லியோன் மார்ஷான் 1 நிமிடம் 52.69 விநாடியில் சுவரைத் தொட்டார். ரயன் லாக்டி 2011இல் ஷாங்காயில் வைத்த உலக சாதனை, 1:54.00, பதினான்கு வருஷமாக அசையாமல் கிடந்தது. முந்தின வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்ஷானே 1:54.06 வரை வந்து நின்றார். இப்போது 1:53 என்கிற படியில் கால் வைக்காமலே அடுத்த படிக்குத் தாவிவிட்டார். அதுவும் அரையிறுதியில்! தேர் பார்க்கிற கூட்டம் மறுநாள்தான் வரும் என்றிருக்க, வெள்ளோட்டத்திலேயே தேர் பறந்துவிட்ட மாதிரி. மறுநாள் இறுதியில் 1:53.68, தங்கம். எனக்கு வெள்ளோட்டம்தான் பிடித்திருக்கிறது.

மெட்லியில் நான்கு நீச்சல்: பட்டாம்பூச்சி, மல்லாக்கு, தவளை, கடைசியில் கிரால். 400 மீட்டரில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நீளம் கிடைக்கும்; கொஞ்சம் நிலைகொள்ள நேரமுண்டு. 200 மீட்டரில் ஒன்றுக்கு ஒரு நீளம்தான், 50 மீட்டர். உடம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் சுவர் வந்துவிடும், அடுத்ததற்கு மாறியாக வேண்டும். நான்கு ராகமும் பாடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர்; ராகமாலிகையில் காது போய் நிற்பது, ஒன்று முடிந்து அடுத்தது எடுக்கிற அந்த இடத்தில். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் கேட்ட ஆற்றங்கரையில் இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் நீச்சலுக்குப் பேர் வாங்கியவர்கள் பெரும்பாலும் தூரக்காரர்கள். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போகவர நீந்தினார். குற்றாலீஸ்வரன் 1994இல் பள்ளிப் பையனாக ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அது தவம். ஒரே வீச்சை மணிக்கணக்காக விடாமல் வீசுவது. மெட்லிக்கு அந்தப் பொறுமை உதவாது. கைக்கு வந்த தாளத்தைப் பாதியில் விட்டுவிட மனசு வர வேண்டும்.

மெட்லியின் நான்கு நீச்சலுக்கும் இடையில் வரும் மூன்று திருப்பங்களில் நான் கண் கொட்டாமல் பார்ப்பது நடுவிலுள்ளதை: மல்லாக்கிலிருந்து தவளைக்கு. வருகிறவன் கண்ணுக்குச் சுவர் தெரியாது, கூரைதான் தெரியும். சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குறுக்கே சின்னச் சின்னக் கொடிகள் கட்டியிருப்பார்கள். கொடி தலைக்கு மேல் போனதும் எத்தனை வீச்சு என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கணக்கு. (மல்லாந்து போகையில் கரை மருதமரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லித் தந்தார் பெரியப்பா. வித்தை ஒன்றுதான்.) கடைசி வீச்சில் உடம்பு ஒருக்களிக்கும். கை தலைக்குப் பின்னால் குறுக்காகப் போய், தண்ணீருக்கு ஒரு சாண் கீழே சுவரைத் தொட வேண்டும். தொடுகிற கணத்தில் ஆள் மல்லாந்தவன்தான். தோள் ஒரு மயிரிழை கூடுதலாகக் கவிழ்ந்தாலும் நடுவர் கை தூக்கிவிடுவார், அத்தனை பாடும் வீண். கை தொட்டதும் கால்கள் மேலே சுழன்று வந்து சுவரில் பதியும். உதைத்துக் கிளம்பும்போது ஆள் குப்புற. ஒரு கையை ஊன்றிக் கதவைத் திறந்து அடுத்த அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும், மார்ஷான் செய்தால்.

நுழைந்த பிறகுதான் பெரியப்பாவின் இடம். குதித்ததற்கு அடுத்தபடியாக நீச்சல்காரனுக்கு வேகம் அதிகமிருப்பது சுவரை உதைத்த கணத்தில். மேலே வந்தால் அலை பிடித்து இழுக்கும். உள்ளே அந்த இழுப்பு இல்லை. தவளை நீச்சலில் உள்ளே ஒரே ஒரு முழு இழுப்புக்குத்தான் அனுமதி. மற்ற மூன்றிலும் இடுப்பிலிருந்து கால்விரல் வரை மீன் மாதிரி நெளிந்து நெளிந்து போகலாம். ஆனால் 15 மீட்டருக்குள் தலை வெளியே தெரிய வேண்டும். இந்தக் கட்டுப்பாடு சும்மா வரவில்லை. 1996 அட்லாண்டாவில் ரஷ்யாவின் டெனிஸ் பங்க்ரடோவ் பட்டாம்பூச்சியை வெகுதூரம் முங்கு நீச்சலாகவே நீந்தித் தங்கம் வாங்கிப் போனார். 1998இல் அந்த நீச்சலுக்கும் எல்லை போட்டார்கள். குறுக்குத்துறைச் சட்டப்படி பங்க்ரடோவ் மேல் ஒரு குற்றமும் இல்லை. மற்றவர்கள் மூச்சுக்கு அவசரப்பட்டு மேலே வந்துவிட, மார்ஷான் மட்டும் கடைசிச் சுற்றிலும் அந்த 15 மீட்டரை ஏறக்குறைய முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுகிறார். ரத்தத்தில் வந்தது போலும்: அவருடைய தாய், தந்தை இருவருமே ஒலிம்பிக்கில் மெட்லி நீந்தியவர்கள்.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த கதை மட்டும் இதைவிடப் பழசு. 1972, மியூனிக், 400 மீட்டர் மெட்லி. ஸ்வீடனின் குன்னார் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீ, இருவருக்கும் 4:31.98. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்து, 4:31.981க்குத் தங்கம், 4:31.983க்கு வெள்ளி என்றார்கள். அந்த வேகத்துக்கு அது மூன்று மில்லிமீட்டர். ஓடு பதித்த கொத்தனார் ஒரு பாதையில் கொஞ்சம் சிமென்ட் கூடுதலாக அப்பியிருந்தால் அந்த வித்தியாசம் வந்துவிடும். பிறகு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். மெக்கீக்கு வெள்ளி வெள்ளியாகவே இருந்தது.

அக்கா மகன் பாளையங்கோட்டையில் குளத்தில் பழகுகிறான். நான்கு பாணியும் வரும். சிங்கப்பூர் வீடியோவை அவனும் பார்த்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போனேன். மல்லாக்க வந்து, மண்டபத்துக் கல்லைக் குறுக்குக் கையால் தொட்டு, அழகாகத்தான் சுழன்றான். உதைத்த கால் பாசியில் வழுக்கி, ஆள் இருந்த இடத்திலேயே முங்கி எழுந்தான். மூக்கில் தண்ணீர்.

"மாமா, இந்தச் சொவத்துல காலே நிக்க மாட்டேங்கு."

"நிக்காதுல. முங்கிப் போ."