தர்ஜினிக்குப் பந்து கொடுத்த கால்கள்

2019இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 348 கோல்கள் போட்டார். அந்தத் தொடரில் அதற்கு மேல் யாரும் போடவில்லை. சுருவிலிலும் சரி, தீவகத்தின் வேறெந்த ஊரிலும் சரி, பாடசாலை அணிக்குப் பிள்ளைகளைத் தெரியும்போது முதலில் உயரத்தில்தான் கண் போகிறது. பிழையில்லை, வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. ஆனால் தர்ஜினியின் கைக்கு அந்தப் பந்தை எறிந்தவர்கள், ஓடிவந்து அந்தரத்தில் பிடித்து, விழாமல் நின்றவர்கள். அலச வேண்டியது அந்தக் கால்களை.

கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி வேகத்தைக் கழிக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. முதலில் ஊன்றிய காலைத் தூக்கினால், அது திரும்ப நிலத்தைத் தொடுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கவும் முடியாது. ஆக, ஓடிவந்த வேகம் பெரும்பாலும் ஒற்றைக்காலில்தான் இறங்குகிறது. முழங்கால் மடியாமல் விறைத்து, உள்பக்கமாகச் சரிந்தால், ஏ.சி.எல். என்கிற தசைநார் யாரும் இடிக்காமலே அறுந்துபோகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்துக் கூட. எண்ணெய் போட்டு உருவிச் சரிக்கட்டுகிற சுளுக்கல்ல இது.

சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. 30 சென்ரிமீற்றர் உயரப் பெட்டியில் பிள்ளையை ஏற்றி, அவளது உயரத்தில் பாதித் தூரம் முன்னே குதிக்கவிட்டு, இறங்கிய கையோடு மேலே எம்பச் சொல்ல வேண்டும். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கைத்தொலைபேசியில் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தால் முழங்கால் போகிற போக்குத் தெரியும். சமநிலைக்கு ஒரு அளவுநாடா போதும்: ஒற்றைக்காலில் நின்று மற்றக் காலை முன்னே எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது? அமெரிக்காவில் பாடசாலைக் கூடைப்பந்து வீரர்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இடம் வலம் 4 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசப்பட்டவர்களுக்குக் காலில் காயம்படும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது.

இந்த எண்ணை வைத்து ஒரு பிள்ளையை அணியிலிருந்து நிறுத்துவது அநியாயம். பெட்டிச் சோதனை காயத்தை முன்கூட்டிச் சொல்லுமா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. அதோடு, பெட்டியிலிருந்து குதிப்பவளுக்குப் பந்துமில்லை, மறிக்க ஆளுமில்லை. ஆகவே ஒருவர் பந்தெறிய, ஓடிவந்து பிடித்து ஒற்றைக்காலில் இறங்கவும் விட்டுப் பார்க்க வேண்டும். தரையையும் கவனிக்க வேண்டும்: மணலில் கால் சற்று வழுக்கிக் கொடுக்கும், சீமெந்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும். மண்தரையில் பழகியவள் வலயப் போட்டிக்குச் சீமெந்துத் தரையில் இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை.

எப்போது பார்ப்பது என்பதிலும் விசயம் இருக்கிறது. காலையில் களைப்பில்லாத எந்தப் பிள்ளையும் அழகாகத்தான் இறங்குவாள். ஒரே நாளில் வெயிலுக்குள் இரண்டு மூன்று ஆட்டம் ஆடுகிறவளைக் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு பெட்டியில் ஏற்றிப் பாருங்கள்.