காதுதான் கிளட்ச்

தி. நகரில் ஏதாவது ஓர் அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்கு உள்வேலை நடந்தால், மேல்வீடும் கீழ்வீடும் இரண்டு விதமான சத்தங்களைக் கேட்கும். ஒன்று, சுவரைத் துளைக்கும் ஹேமர் டிரில். கட்டடம் முழுக்க அதிரும், பல் கூசும். இன்னொன்று சற்று நேரம் ‘விர்ர்’ என்று ஓடும். திடீரென்று ‘டரடரடர’ என்று மாறும். அரை நொடியில் நின்றுவிடும். பெரும்பாலானோர் இரண்டையும் ஒரே இரைச்சலாக எண்ணி ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். இரண்டாவது சத்தம் கார்ட்லெஸ் இம்பேக்ட் டிரைவருடையது. அந்த ‘விர்ர்’ எங்கே முடிந்து ‘டரடர’ எங்கே தொடங்குகிறது என்று கேட்கத் தெரிந்துவிட்டால், இந்தக் கருவியைப் பார்த்து வாங்கவும் தெரிந்துவிடும், கையில் பிடிக்கவும் தெரிந்துவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். மோட்டார் பிட்டை நேராகச் சுற்றுவதில்லை. நடுவில் சுத்தியல் என்று பெயர் பெற்ற கனமான எஃகுத் துண்டு ஒன்று இருக்கிறது, அதற்குப் பின்னால் முரட்டு ஸ்பிரிங், முன்னால் பிட்டைப் பிடித்திருக்கும் பட்டடை. சுத்தியலின் முகத்தில் இரண்டு பற்கள், பட்டடையில் அவற்றுக்கு எதிராக இரண்டு முனைகள். ஸ்க்ரூ தாராளமாக இறங்கும்வரை சுத்தியலும் பட்டடையும் ஒன்றாகவே சுற்றும். அப்போது கேட்பது ‘விர்ர்’. ஸ்க்ரூ முரண்டு பிடித்ததும் பட்டடை தயங்கும். சுத்தியலோ, ‘வி’ எழுத்து வடிவில் வெட்டிய தடத்தில் உருளும் எஃகுக் குண்டுகள் வழிவிட, ஸ்பிரிங்கை நெருக்கிக்கொண்டு பின்வாங்கும். பல் விலகிய கணத்தில் ஸ்பிரிங் அதை முன்னே தள்ளும்; சுழன்றபடியே பாய்ந்து பட்டடையின் அடுத்த முனையை அறையும். பாஷ் ஜி.டி.ஆர். 120 போன்ற 12 வோல்ட் கருவியில் இந்த அறை நிமிடத்துக்கு 3,100 முறை வரை விழும். நொடிக்கு ஐம்பதுக்கு மேல்.

இதில் ரசிக்க வேண்டிய விஷயம் மணிக்கட்டில் இருக்கிறது. சாதாரண டிரில் டிரைவர் 30 நியூட்டன் மீட்டர் விசையில் திருகும்போதே, ஸ்க்ரூ இறுகியதும் கருவி உங்கள் கையைத் திருகப் பார்க்கும். மேலே சொன்ன சின்னஞ்சிறு இம்பேக்ட் டிரைவர் அதிகபட்சம் 100 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆனாலும் கையில் ஒரு முறுக்கும் தெரியாது. ஒவ்வோர் அடியின் எதிர்விசையையும் சுத்தியலின் சொந்தக் கனமே வாங்கிக்கொள்கிறது. ஒரு கையால் அலமாரிக் கதவைத் தாங்கிக்கொண்டு மறுகையால் கீலை முடுக்கலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு இது பெரிய உபகாரம்.

ஆனால் விலை ஒன்று உண்டு. டிரில் டிரைவரின் கழுத்தில் எண்கள் போட்ட வளையம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். இன்ன அளவு இறுகியதும் ‘க்ரக்’ என்று விட்டுவிடும் கிளட்ச் அது. இம்பேக்ட் டிரைவரில் அந்த வளையம் கிடையாது. போதும் என்று கருவி சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். காது கேட்டு, விரல் டிரிகரை விட வேண்டும்.

இதை நன்றாகப் பார்க்க ஓர் இடம் சொல்கிறேன். மொட்டை மாடியில் ஷீட் கூரை போடுபவர்கள் பக்கத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். அறுகோணத் தலை கொண்ட செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ, அதைக் காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் 8 மி.மீ. சாக்கெட். முதலில் ஸ்க்ரூவின் முனை கீழிருக்கும் இரும்புப் பைப்பைத் துளைக்க வேண்டும். அதுவரை வேகம் குறைவு, அழுத்தம் அதிகம், சத்தம் கரகரப்பு. துளை விழுந்ததும் மரை பிடிக்கும். ஸ்க்ரூ சரசரவென்று இறங்கும். தலை ஷீட்டைத் தொடும் நேரத்தில் முதல் அடி கேட்கும். நல்ல வேலைக்காரர் அந்த இடத்தில் விரலைப் பாதி தளர்த்திவிடுவார். வாஷருக்கு அடியிலிருக்கும் கறுப்பு ரப்பர் விளிம்பை விட்டு லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிடுவார். இன்னும் நாலு அடி விழுந்தால் ரப்பர் நசுங்கிக் கிழியும். ரப்பர் அமரும் முன்பே நிறுத்தினாலும் தண்ணீருக்கு வழி உண்டு. இரண்டுக்கும் தீர்ப்பு ஐப்பசி மழையில் கிடைக்கும்.

இனிக் கடைக்குப் போகலாம். தென்சென்னைக்காரர்கள் டூல்ஸ் என்றால் இன்னமும் பாரிஸ் கார்னருக்குத்தான் போகிறார்கள்: லிங்கி செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு, பிராட்வே. ஆன்லைனில் வாங்குவதானாலும் ஒருமுறை அங்கே போய்க் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். கடையில் ‘இம்பேக்ட்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். “இம்பேக்ட்தானே சார், இந்தாங்க” என்று எடுத்து வைக்கப்படுவது அநேகமாக இம்பேக்ட் டிரில்லாக இருக்கும். அது சுவர் துளைப்பது, வேறு ஜாதி. அதில் அடி முன்னோக்கி விழும். நம்முடையதில் அடி சுற்றும் திசையில் விழுகிறது. ஆகவே இம்பேக்ட் டிரைவரை வைத்துக் கான்கிரீட்டில் ராவல் பிளக்குக்கு ஓட்டை போட நினைப்பது வீண். சந்தேகம் வந்தால் மூக்கைப் பாருங்கள். இறுக்கித் தளர்த்தும் தாடைகள் கொண்ட சக் இருந்தால் டிரில். சின்ன வளையமும் அதற்குள் கால் இஞ்ச் அறுகோணக் குழியும் இருந்தால் டிரைவர். அரை இஞ்ச் சதுரக் கட்டை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் இம்பேக்ட் ரெஞ்ச்; கார் சக்கர நட்டுக்கு ஆகும், கிச்சன் கபோர்டுக்கு ஆகாது.

காம்பேக்ட் என்றால் எடை குறைவு என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். தொழில்காரர்கள் பார்ப்பது மூக்கிலிருந்து முதுகு வரையிலான நீளம். ஜப்பானில் இதற்கே ஒரு பந்தயம் நடக்கிறது. மகிட்டாவின் 18 வோல்ட் டி.டி. 171 மாடல் 116 மி.மீ.; அடுத்து வந்த 172, 114 மி.மீ.; அதற்கடுத்த 173, 111 மி.மீ. விசை மூன்றிலும் அதே 180 நியூட்டன் மீட்டர்தான். இரண்டு தலைமுறை உழைத்து ஐந்து மில்லிமீட்டர் குறைத்திருக்கிறார்கள்! கேட்கச் சிரிப்பாக இருக்கும். அடையாறு ஃபிளாட்டின் லாஃப்டுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு பலகைகளுக்கு நடுவே ஸ்க்ரூ முடுக்கிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

வோல்ட் கணக்கில் ஏமாறாமல் இருக்க ஒரே ஒரு எண் போதும். ஒரு லித்தியம் செல் சராசரியாக 3.6 வோல்ட். மூன்று செல் என்றால் 10.8, முழு சார்ஜில் 12ஐத் தொடும் என்பதால் பெட்டியில் 12 வோல்ட். ஐந்து செல் என்றால் 18. அதையே சில கம்பெனிகள் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று போடுகின்றன. இரண்டும் ஒன்றுதான். ஆன்லைனில் மலிவு விலையில் ‘48’, ‘88’ என்றெல்லாம் எண் போட்டு வரும் கருவிகளின் பேட்டரியைத் திறந்தாலும் பெரும்பாலும் அதே ஐந்து செல் அல்லது அதற்கும் குறைவுதான். அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 12 வோல்ட் தாராளம் என்பது என் கட்சி. கர்ட்டன் ராட், கட்டில், கபோர்டு, ஜன்னல் வலை, பால்கனியில் செடி ஸ்டாண்டு: எல்லாம் அதற்குள் அடங்கும். மாடியில் பெர்கோலா கட்டுபவர், தொழிலாகச் செய்பவர், அல்லது ஏற்கெனவே ஏதோ ஒரு கம்பெனியின் 18 வோல்ட் டிரில் வைத்திருப்பவர் 18க்குப் போகலாம். ஏனென்றால் பேட்டரி வாங்குவது சம்பந்தம் பண்ணுவது மாதிரி. ஒரு கம்பெனியின் பேட்டரி பொதுவாக இன்னொரு கம்பெனிக் கருவியில் ஏறாது; பிறகு வாங்கும் ஒவ்வொன்றும் அந்தக் குடும்பத்திலிருந்தே வர வேண்டும். பிரஷ்லெஸ் மோட்டார் கிடைத்தால் நல்லது. கார்பன் தேய்ந்து மாற்றும் வேலை இல்லை. வீட்டு உபயோகத்துக்கு அதற்காக ரொம்பவும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் அனுமதித்தால் இரண்டு சோதனை. டிரிகரை மெல்ல, மிக மெல்ல அழுத்துங்கள். பிட் ஊர்ந்து தொடங்குகிறதா, குதித்துத் தொடங்குகிறதா? ஊர வேண்டும். அடுத்து, 65 மி.மீ. பிட்டைப் போட்டு நிதானமாகச் சுற்றவிட்டு நுனியைப் பாருங்கள். நுனி சின்ன வட்டம் போட்டு ஆடினால், ஸ்க்ரூவின் தலைக்குள் அது ஒழுங்காக உட்காராது.

பிட்டுக்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கருவிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்தில் பத்து பிட் அடங்கிய பாக்கெட் வாங்குவோம். ஸ்டார் ஸ்க்ரூவின் குழிக்குச் சரிவான பக்கங்கள் இருப்பதால், விசை கூடினால் பிட் மேலேறி வழுகும். நுனி மழுங்கிய பிட் என்றால் கேட்கவே வேண்டாம். நம்மூரில் அதிகம் புழங்கும் ஸ்க்ரூக்களுக்கு இரண்டாம் நம்பர் பிட் வாங்குங்கள், இம்பேக்டுக்கென்றே செய்ததாக. அதன் இடுப்பு சற்று ஒல்லியாக இருக்கும். அடி விழும்போது அந்த இடம் கொஞ்சம் முறுகிக் கொடுத்து நுனியைக் காப்பாற்றும். பிடிக்கும் முறையும் முக்கியம். கருவியின் முதுகும் ஸ்க்ரூவும் ஒரே கோட்டில் இருக்கட்டும்; உள்ளங்கையின் மேல்பகுதியால் பின்னாலிருந்து தள்ளுங்கள். முறுக்கைக் கருவி பார்த்துக்கொள்ளும், தள்ளுவது மட்டும் உங்கள் வேலை. முதல் இரண்டு சுற்று ஊர்ந்து, நடுவில் ஓடி, கடைசியில் மறுபடி ஊர்ந்து.

ஸ்க்ரூக்களிலும் ஜாதி பார்க்க வேண்டும். எட்டாம் நம்பர் ஸ்க்ரூவின் கனம் சுமார் 4.2 மி.மீ. பிளைவுட்டில் அப்படியே இறங்கிவிடும். தேக்கில் 3 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூவைப் பார் சோப்பில் ஓர் இழுப்பு இழுத்து முடுக்குங்கள். பழைய ஆசாரிகளின் வழக்கம் இது, இன்றைக்கும் செல்லும். விலை மலிவு என்று எல்லோரும் எல்லாவற்றுக்கும் போடும் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ கடினமானது, ஆனால் நொறுங்கும். கெட்டி மரத்தில் இம்பேக்ட் அடித்தால் கழுத்தோடு போகும். பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த பால்கனியில் அது அடுத்த மழைக்குள் துருவும். அங்கே எஸ்.எஸ். ஸ்க்ரூதான், அதிலும் 304ஐ விட மாலிப்டினம் கலந்த 316 உப்புக்காற்றைத் தாங்கும். எஸ்.எஸ். சற்று மிருதுவான உலோகம் என்பதால் பிட் வழுகினால் குழி சிதைந்துபோகும். புது பிட்டை அந்த வேலைக்கு ஒதுக்குங்கள்.

கையால் செய்ய வேண்டியது எது என்று தெரிவதும் ரசனையில் சேர்த்திதான். மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் பர்மா தேக்குக் கதவும் பித்தளைக் கீலும் இருக்கும். ஸ்க்ரூவும் பித்தளை, தலையில் ஒற்றைக் கோடு. இதில் இம்பேக்ட் வைத்தால் இரண்டாவது அடியில் தலை கழன்று கையோடு வரும், உடல் தேக்குக்குள் தங்கிவிடும். அகலமான திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு போட்ட மாடுலர் கிச்சனுக்கும் கிளட்ச் வைத்த டிரில் டிரைவரே மேல். அந்தப் பலகைகளில் மரை ஒருமுறை கடைந்துபோனால் அவ்வளவுதான். மாறாக, துருப்பிடித்த இரும்பு ஸ்க்ரூவைக் கழற்ற இம்பேக்டை மிஞ்ச ஆளில்லை. முதலில் இறுக்கும் திசையில் ஒரு சின்னத் தட்டு, துரு விடும், பிறகு ரிவர்ஸில் விட்டு விட்டு அடி. ஜன்னல் கிரில் போல்ட்டு முனகிக்கொண்டே வெளியே வருவது கேட்க நன்றாக இருக்கும்.

நன்றாக இருப்பது உங்களுக்கு. பக்கத்து வீட்டுக்கு அல்ல. குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லும் அளவு பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. இந்தக் கருவி காதருகே 90ஐத் தாண்டும். மதியத் தூக்க நேரத்தை விட்டுவிடுங்கள். நீங்களும் காதடைப்பானும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அடைப்பான் போட்டாலும் ‘விர்ர்’ மாறுவது தெளிவாகவே கேட்கும். சுத்தியலை எண்ணெய்க்குள் வைத்து அடியை மென்மையாக்கிய ரகங்களும் உண்டு: மில்வாக்கியின் சர்ஜ், மகிட்டாவின் டி.டி.எஸ். 141. சத்தம் குறைவு, விலை அதிகம்.

சென்னையில் இந்தக் கருவிக்குப் பெரிய எதிரி வெயில். கத்திரியில் ஸ்கூட்டர் டிக்கியிலோ காரிலோ பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் செருகினால் பல சார்ஜர்கள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா நிற்கும். ஆறட்டும் என்று காத்திருக்கின்றன, கெட்டுப்போகவில்லை. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வீட்டில் குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள்.

வாங்கி வந்ததும் நேரே புது கபோர்டில் கை வைக்க வேண்டாம். தெருவில் எங்காவது உள்வேலை நடக்கும் வீட்டில் கேட்டால் 18 மி.மீ. பிளைவுட் துண்டுகள் சும்மா கிடைக்கும். இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எட்டாம் நம்பர் ஒன்றேகால் இஞ்ச் ஸ்க்ரூ ஒரு கைப்பிடி முடுக்குங்கள். தலை பலகை மட்டத்தில் நிற்க வேண்டும். உள்ளே புதைந்தாலும் தவறு, மேலே துருத்தினாலும் தவறு. முதல் அடி கேட்டதும் விட்டால் எங்கே நிற்கிறது, மூன்று அடி கழித்து விட்டால் எங்கே நிற்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள்.