பச்சைப் பட்ஜியின் பிற்பகல் பாட்டு

பட்ஜி எனும் சிறு கிளியை வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு நிறத்தில் தொடங்கி, தலையின் பருமனில் சற்று நேரம் தங்கி, யார் வீட்டுப் பறவை எத்தனை வார்த்தை பேசுகிறது என்பதில் முடிகிறது. அந்தச் சிறிய தொண்டையிலிருந்து பிற்பகல் வேளைகளில் தாழ்ந்த குரலில் பெருகிவரும் சங்கீதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் இந்தப் பறவையை வளர்ப்பதன் பரம பிரயோஜனமே அந்தப் பாட்டைக் கேட்பதுதான். நிறமும் உருவமும் பேச்சும் அதற்குப் பிற்பட்டவையே.

எங்கள் வீட்டில் இருந்த ஒரு பச்சை ஆணை மனத்தில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். லுட்டினோ, ஸ்பாங்கிள், ரெயின்போ என்ற நிறவகைகளைத் தேடி வருகிறவர்கள் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத சாதாரணப் பச்சை அது: மஞ்சள் முகம், பிடரியில் கறுப்பு வரிகள், தொண்டையில் வரிசை பிசகாத கறுப்புப் பொட்டுகள், நல்ல கருநீல மூக்கு. காலையில் அது பாடுவதில்லை. காலை என்பது கூண்டே சேர்ந்து கூச்சலிடும் நேரம், அதில் தனிக்குரலுக்கு இடமில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களின் சத்தம் அடங்கி, தெருவும் ஓய்ந்த பிறகு, கூண்டுக்குள் குறுக்காகக் கட்டியிருந்த வேப்பங்கிளையின் ஒரு குறிப்பிட்ட வளைவில் போய் அமரும். நெற்றி இறகுகளும் கன்னத்து இறகுகளும் மெல்ல உப்பும். கண்ணின் வெள்ளை வளையத்துக்குள் கருமணி சுருங்கி விரியும். அலகு ஏறக்குறைய மூடியே இருக்க, தொண்டைப் பொட்டுகள் மட்டும் துடிக்கத் தொடங்கும். ஒரு சொடுக்கு, ஒரு குழைவு, நீண்ட ஓர் இழை, மறுபடியும் இரண்டு சொடுக்கு என்று அது விரிந்துகொண்டே போகையில், முற்றத்து அணிலின் குரல் ஒரு கணம் தலைகாட்டும். குக்கர் விசிலின் கடைசி இழுப்பு மட்டும், தொடக்கம் இல்லாமல், எங்கோ நடுவில் வந்து மறையும். வாசல் இரும்புக் கதவின் கிறீச்சொலி அரை ஸ்தாயி தாழ்ந்து ஒலிக்கும். கேட்ட ஒலிகளை அப்படியே ஒப்பிப்பது அதன் நோக்கமாக இருந்ததில்லை. அவற்றைத் தன் போக்கில் உடைத்து, தனக்கு வேண்டிய துண்டை எடுத்து, தன் பாட்டின் கதியில் இழைத்துவிடும். சபையை மறந்து, சுருதிப்பெட்டிகூட இல்லாமல், தம் வீட்டுத் திண்ணையில் ஒரு பெரிய வித்வான் தமக்குத் தாமே ராகம் பாடிக்கொண்டிருப்பதை மறைவில் நின்று கேட்கும் பாக்கியம் வாய்த்தவர்கள், இந்தப் பிற்பகல் பாட்டின் ருசியை உடனே அறிந்துகொள்வார்கள்.

இது என் தனிப்பட்ட பிரமை என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டூலிங்கும் அவருடன் உழைத்தவர்களும் இந்தப் பாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்து, அதன் ஒலிகளை ஏழு அடிப்படை வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1965இல், பார்பரா பிராக்வே என்ற ஆய்வாளர் ஆணின் குரல் பெண்பறவையின் சினைப்பையை வளரச் செய்து முட்டையிடத் தூண்டுகிறது என்று காட்டினார். ஆகையால், ஜோடி சேர்த்துப் பானையைக் கட்டிவிட்டு, முட்டை வரவில்லையே என்று தினையை மாற்றியும் மருந்தை மாற்றியும் தவிக்கிறவர்கள், தங்கள் கூண்டில் ஆண் பாடுகிறதா, பாடினால் பெண்ணின் காதில் விழும் தூரத்தில் பாடுகிறதா என்பதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

இதைவிட என் மனத்தை உருக்கிய விஷயம் ஒன்றுண்டு. பட்ஜிகள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் குறுகிய கூவல் ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனியாக இருக்கும். ஆணும் பெண்ணும் ஜோடியானவுடன், ஆண் தன் பழைய கூவலை விட்டுவிட்டுப் பெண்ணின் கூவலைக் கற்றுக்கொள்கிறது. சில வாரங்களில் இரண்டின் அழைப்பும் ஒன்றாகிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். நம் வீட்டு ஜோடிகளில் ஒன்றை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால், இரு அறைகளிலிருந்தும் ஒரே கூவல் மாறி மாறி எழுவதை எவரும் கேட்கலாம். கேட்டவுடன் மறுபடியும் சேர்த்து வைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் பேசும் பட்ஜியின் ரசிகர்களோடு எனக்குப் பணிவான பிணக்கு ஏற்படுகிறது. அவர்களுடைய ஆதர்சம் ஸ்பார்க்கி வில்லியம்ஸ் என்பதை நான் அறிவேன். இங்கிலாந்தின் வடகோடியில் நியூகாசில் பக்கத்தில் வளர்ந்த அந்தப் பறவை 531 வார்த்தைகளும் 383 வாக்கியங்களும் பேசி, 1958இல் பி.பி.சி. நடத்திய போட்டியில் முதற்பரிசு பெற்று, இசைத்தட்டிலும் ஒலித்து, 1962இல் இறந்த பின்னும் பதம்செய்யப்பட்ட உடலோடு அவ்வூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கலிபோர்னியாவில் இருந்த பக் என்ற பறவையோ 1,728 வார்த்தைகளோடு கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. அந்தச் சாதனைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றின் பின்னால் இருந்த அன்பையும் சிரத்தையையும் மதிக்கிறேன். ஆனால் வார்த்தை வேண்டும் என்பதற்காக இங்கே என்ன செய்கிறார்கள்? ஆண்குஞ்சு ஒன்றைக் கூட்டிலிருந்து பிரித்தெடுத்து, வேறு பறவையின் குரலே காதில் விழாதபடி தனி அறையில் வைத்து, ஒரே சொற்றொடரை ஓயாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். அழைத்துப் பதில் பெற ஒரு துணையில்லாத பறவை, துணைக்காக வைத்திருந்த கற்கும் திறனையெல்லாம் நம்மிடம் செலவழிக்கிறது. நாம் அதைப் புத்தி என்று மெச்சுகிறோம். என் காதுக்கு அதில் தனிமைதான் கேட்கிறது. கூட்டமாக வளரும் பறவை நம் வார்த்தைகளில் ஒன்றிரண்டைத் தானாகவே எடுத்துப் பாட்டுக்கு நடுவே செருகிக்கொண்டால், அது வேறு விஷயம். அந்த வார்த்தை இனிக்கும்.

கண்காட்சிப் பறவையின் அபிமானிகளுக்கும் ஒரு சொல். 1925இல் இங்கிலாந்தில் பட்ஜி வளர்ப்போர் சங்கம் தோன்றியதிலிருந்து தலை பெரிதாக வேண்டும், நெற்றி இறகு அடர வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, இன்று கண்ணே இறகுக்குள் புதைந்துபோகும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 1840இல் ஜான் கூல்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பறவை முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள, மழையைத் தேடி ஆயிரக்கணக்கில் திரண்டு வறண்ட சமவெளிகளைக் கடக்கும், அம்பு வேகப் பச்சைப் பறவை. நீலப் பறவை என்பது அதிலிருந்து மஞ்சள் நிறமி இழக்கப்பட்ட ஒன்றுதான். அழகாக இருக்கலாம், ஆனால் ஏதோ கூடுதலாகப் பெற்றுவிட்டது என்று எண்ணி இருமடங்கு விலை கொடுப்பதற்கு நியாயமில்லை. அந்த மஞ்சளுக்கு ஒரு மகிமையும் உண்டு: உச்சந்தலை மஞ்சள் இறகுகள் புற ஊதாக் கதிரை வாங்கி ஒளிர்கின்றன என்பதும், ஜோடி தேர்ந்தெடுக்கும்போது பறவைகள் அந்த ஒளிர்வைக் கவனிக்கின்றன என்பதும் 2002இல் ஓர் ஆய்வில் தெரிவிக்கப்பட்டன. நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் பச்சை ஆண், பெண்பட்ஜியின் கண்ணுக்குத் தலையில் ஒளி சூடியவனாக நிற்கிறான்.

பறப்பதிலும் பட்ஜிகளுக்கு ஒரு நாகரிகம் உண்டு. பெங்களூரில் படித்து, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மாண்டயம் சீனிவாசனும் அவர் சகாக்களும், ஒரு நீண்ட கூடத்தின் இரு முனைகளிலிருந்தும் பட்ஜிகளை எதிரெதிரே பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரு மோதல்கூட நேரவில்லை. பெரும்பாலும் இரண்டுமே தத்தம் வலப்புறம் ஒதுங்கி வழிவிட்டன. 2016இல் வெளிவந்த அந்த முடிவைப் படித்த பிறகுதான், எங்கள் கூடத்தில் திறந்துவிட்ட பறவைகள் வாசற்படியருகே ஒன்றையொன்று கடக்கும் லாவகத்தின் பொருள் எனக்கு விளங்கியது. குளிப்பதிலும் அவற்றுக்கு ஒரு தனி ரசனை உண்டு. கிண்ணத்துத் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்காத பறவை, நனைத்த கொத்தமல்லிக் கட்டைக் கம்பியில் செருகியவுடன் அதற்குள் தலையைப் புகுத்தி, மார்பைத் தேய்த்து, இலை நீரில் உடல் முழுவதும் ஊறித் திளைக்கும்.

இந்த இயல்புகளை அறிந்தவர்கள் வியாபாரிகளிலும் இருந்தார்கள். சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோவதற்கு முன், அதன் பக்கத்தில் பறவை விற்ற முதியவர் ஒருவரிடம் நான் ஜோடி வாங்கியிருக்கிறேன். நான் கைகாட்டிய பறவையை அவர் உடனே பிடித்துக் கொடுக்கமாட்டார். “தம்பி, அது இந்தப் பக்கத்துக் குஞ்சோடதான் உட்காருது, பிரிச்சா ரெண்டும் வாடிப்போகும். ரெண்டையும் எடு, இல்லேன்னா ரெண்டையும் விடு” என்பார். அவரிடம் கூண்டுகள் நீளமானவை. கடல் நுரை எனப்படும் கணவாய் ஓடு ஒவ்வொன்றிலும் செருகியிருக்கும். நெற்றி வரி மூக்குவரை இறங்கியிருக்கும் பச்சிளம் குஞ்சைப் பணத்தை நீட்டினாலும் தரமாட்டார். இன்றைய கடைகளில் பெண் எது ஆண் எது என்று தெரியாமலே ‘ஜோடி’ என்று காகிதப் பெட்டியில் போட்டு அடைக்கிறார்கள். சிறகை விரித்தால் கம்பியில் இடிக்கும் உருண்டைக் கூண்டு, வழவழத்த பிளாஸ்டிக் குச்சி, வருடம் முழுவதும் தினை ஒன்றே ஆகாரம், போதாக்குறைக்கு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி! அந்தக் கண்ணாடியின் முன் நின்று, பதில் கூவாத ஒரு பிம்பத்துக்குத் தன் இரையைக் கக்கி ஊட்ட முயலும் ஆண்பறவையைக் கண்டு, ‘எவ்வளவு ஆனந்தமாக விளையாடுகிறது’ என்று படமெடுத்து ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் அமர்ந்து, மூச்சுக்கு மூச்சு வாலை ஆட்டும் பறவையைத் ‘தூங்குகிறது’ என்று விட்டுவிடுகிறவர்களும் இவர்களே. அது நோயின் முற்றிய நிலை, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

உயரத்தைவிட நீளம் அதிகமுள்ள கூண்டு, கனம் மாறி மாறி அமைந்த வேம்பு அல்லது கொய்யாக் கிளைகள், தினையோடு கீரையும் கேரட்டும், அடுப்பின் புகையும் ஒட்டாத வாணலியின் ஆவியும் எட்டாத ஒரு மூலை, நாள்தோறும் சிறிது நேரமாவது அறைக்குள் தடையற்ற பறப்பு: பாட்டு மலர்வதற்கு இவ்வளவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் துணை வேண்டும். உங்கள் கூண்டில் தனிப் பறவை இருந்தால், இந்த வாரமே அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, உடல்நலமுள்ள மற்றொரு பட்ஜியைக் கொண்டுவந்து முதலில் பக்கத்துக் கூண்டில் வையுங்கள். பழகிய பிறகு சேர்த்துவிடுங்கள். அப்புறம் வானொலியை அணைத்துவிட்டு, மூன்று மணி வாக்கில் அருகே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.