ஐந்து குண்டு, ஒரு துளை

சுடுபவர் கை நடுங்கலாம், காற்று தள்ளலாம். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் குண்டுகள் தாளில் சிதறி விழுந்தால் கோளாறு ரைபிளுக்குள்தான் இருக்கிறது. எந்த உறுப்பில் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் வீட்டுப் பட்டறைகளில் நூறாண்டுக்கும் மேலாக இதற்கு விடை தேடி வருகிறார்கள். ஆளுக்கொரு விடை கிடைத்தது. ஒவ்வொரு விடையும் ஒரு மரபாக வளர்ந்தது.

முதல் மரபு பேரல் எனும் துப்பாக்கிக் குழலைச் செய்பவர்களுடையது. அதன் ஆசான் ஹாரி போப். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷூட்சன் பந்தயங்களில், 200 கஜத் தொலைவில் நின்றபடி சுடுவார்கள். அந்தப் பந்தயக்காரர்களுக்கு போப் தம் கையாலேயே புரி வெட்டி, உள்ளே தேய்த்து மெருகேற்றி பேரல் செய்து கொடுத்தார். குண்டை வாய்ப்பக்கமாக இறக்கி, மருந்து நிரப்பிய கூட்டைப் பின்பக்கமாகச் செருகுவது அவர் முறை. குண்டின் அடிப்பாகம் பிசிறில்லாமல் இருக்க அதுவே வழி என்று நம்பினார். 1901இல் ரோலண்ட் என்பவர் போப் பேரலில் 200 கஜத்தில் பத்துக் குண்டு சுட்டார். மையத்துக்கு மையம் அளந்தால் 0.725 அங்குலம். ஈயக் குண்டும் சாதாரண எஃகு பேரலும் கொண்டு அடைந்த அளவு இது. 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் போப் கடை வைத்த கையோடு பூகம்பம் வந்து எல்லாம் போயிற்று. பிறகு ஜெர்சி நகரில், சாமான்கள் குவிந்த மாடியறையில், 1950இல் இறக்கும் முன்பு வரை பல்லாண்டு உழைத்தார். எந்த வேலைக்கும் தேதி சொல்ல மாட்டேன் என்று எழுதியே மாட்டியிருந்தார். அவசரப்பட்டவர்களுக்கு அவரிடம் பேரல் கிடைக்கவில்லை.

பேரலை மட்டும் நம்பாதவர் ஃபிராங்க்லின் மான். மருத்துவம் படித்தவர், கோழித் தீவனத்துக்கு எலும்பு அரைக்கும் இயந்திரம் செய்து பிழைத்தவர். ரைபிளை அசையாத கனத்த மேடையில் பூட்டி, மனிதப் பிழையையே விலக்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் சோதித்தார். 1909இல் வெளியான அவர் நூல் சொன்னது: குற்றவாளி பெரும்பாலும் குண்டுதான். அதன் எடை நடுவில் இல்லாவிட்டாலும், பேரலைவிட்டு வெளியேறும்போது அடிப்பாகம் சிதைந்திருந்தாலும், அது நேராகப் போகாது. என் கணக்கில் இந்தத் துறையின் முதல் விஞ்ஞானி மான்தான்.

மூன்றாவது மரபு ரைபிளைத் தாங்கும் மரக்கட்டையைப் பற்றியது. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு மவுசர், ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவ ரைபிள்கள் மலிவாகக் கிடைத்தன. சமையலறை மேசையிலும் கார் ஷெட்டிலும் அவற்றைச் செப்பனிட்டவர்கள் ஏராளம். மரம் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். பேரலை இன்று ஒரு பக்கம் அழுத்தும், நாளை மறுபக்கம். அதனால் இரும்பு உட்காரும் இடத்தில் எபாக்சி வார்த்து இறுக்கினார்கள். பேரலை மரம் தொடாமல் விட்டார்கள். ஒரு டாலர் நோட்டைப் பேரலுக்கும் மரத்துக்கும் இடையில் நுழைத்து, தடையில்லாமல் இழுத்துப் பார்ப்பது அவர்களுடைய சோதனை. நோட்டு சிக்கும் இடத்தில் மரம் இன்னும் தொட்டுக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் லீ என்ஃபீல்டு ரைபிளைச் செப்பனிட்ட ஆயுதத் தச்சர்கள் இதற்கு நேர்மாறாக, பேரலின் முனையை மரம் அளவோடு தாங்க வேண்டும் என்றார்கள். மெல்லிய பேரலுக்கு அவர்கள் சொன்னதும் சரியே.

இந்த மூன்றும் கலந்த இடம் பெஞ்ச்ரெஸ்ட். மேசைமேல் மணல்பை, அதன்மேல் ரைபிள். 1940களில் அமைப்பாக உருவாகி, 1951இல் தேசியச் சங்கம் கண்டது. 1975இல் லூ பால்மிசானோ என்ற அறுவை மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற கருவித் தொழிலாளியும் உருவாக்கிய குட்டையான பிபிசி (PPC) தோட்டா இந்தப் பந்தயங்களையே மாற்றிவிட்டது.

பெஞ்ச்ரெஸ்டின் பெரிய கொடை தோட்டா அல்ல, அளவுகோல். ஐந்து குண்டும் ஒரே துளையில் போனால், ஐந்தும் உண்மையில் சுடப்பட்டன என்று எப்படி நம்புவது? தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். முன்தாளில் ஒரு துளை தெரிந்தாலும் பின்தாளில் ஐந்தும் தனித்தனியே பதிந்திருக்கும். 1973இல் மாக் மக்மில்லன் 100 கஜத்தில் சுட்ட ஐந்து குண்டுகள் 0.009 அங்குலத்துக்குள் அடங்கின. அந்தச் சாதனை ஏறத்தாழ 40 ஆண்டு நின்றது. ஆனாலும் பந்தயத்தில் கோப்பை தருவது ஒரு நல்ல தாளுக்கு அல்ல; ஐந்து தாள்களின் சராசரிக்கு. வீட்டில் செய்த வேலையால் பலன் உண்டா என்று அறியவும் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றவும் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். ஆகவே நண்பர்களே, அரமும் எபாக்சியும் உரிமம் பெற்ற பட்டறையிடமே இருக்கட்டும். ரைபிளைக் கொடுக்கும்போது, கடைசியாகச் சுட்ட ஐந்து தாள்களையும் அளந்து, மோசமானதையும் விடாமல் சேர்த்துக் கொடுங்கள்.