பாவாணரின் சுட்டுக் கொள்கை: ஒரு மறுமதிப்பீடு

மொழி எவ்வாறு தோன்றிற்று என்னும் வினாவிற்குச் சான்றுகளைவிட ஊகங்களே மிகுதி. இதனாலேயே பாரிசு மொழியியற் கழகம் 1866இல் இப்பொருள் குறித்த கட்டுரைகளை ஏற்பதில்லை என விதி செய்தது.

தமிழில் இவ்வினாவை விரிவாக எதிர்கொண்டவர் ஞா. தேவநேயப் பாவாணர். 'சுட்டு விளக்கம்' (1943), 'முதற்றாய்மொழி' (1953) ஆகிய நூல்களில், அ, இ, உ என்னும் சுட்டொலிகளைச் சொற்களின் வேராக அவர் கொள்கிறார். அவ்வொலிகளைப் பிறப்பிக்கும்போது வாய் கொள்ளும் நிலையே சேய்மை, அண்மை முதலிய பொருள்களை உணர்த்துகிறது என்பது அவர் கருத்து. இது புறக்கணிக்கத்தக்கதன்று. அண்மைப் பொருளுக்கும் இகரத்திற்கும் உள்ள உறவை ஒட்டோ யெஸ்பர்சனும் 1922இல் எடுத்துக்காட்டியுள்ளார்.

சிக்கல் முடிவிலேயே எழுகிறது. தமிழே உலக முதன்மொழி என்பதற்குப் பாவாணர் இதனைச் சான்றாக்குகிறார். ஆயின், மலாய்மொழியில் 'இங்கே' என்பதற்குச் 'சினி' என்றும், சற்று அப்பாலுள்ள இடத்திற்குச் 'சித்து' என்றும், தொலைவிடத்திற்குச் 'சன' என்றும் வழங்குகின்றனர். இவற்றின் ஈற்றுயிர்கள் முறையே இகர, உகர, அகரங்கள். நம் இங்கு, உங்கு, அங்கு என்பவற்றின் வரிசையும் அதுவே. மலாய் ஆசுத்திரோனேசியக் குடும்பத்தது. இச்சொற்கள் தமிழிலிருந்து சென்றவையல்ல. எனவே, இவ்வொப்புமை தற்செயலாக இருக்கலாம். அன்றேல் மாந்தர் அனைவருக்கும் பொதுவான வாயமைப்பின் விளைவாகலாம். பொதுவான காரணமாயின், அதனைக் கொண்டு எந்தவொரு மொழியையும் முதன்மொழியென நிறுவவியலாது. கொள்கை எவ்வளவு வலுப்பெறுகிறதோ, அவ்வளவிற்கு அதன்வழிப் பெற்ற முடிவு வலுவிழக்கிறது.

கால அளவும் கருதத்தக்கது. மொராக்கோவின் செபல் இரூதில் கிடைத்த மாந்த எச்சங்கள் ஏறத்தாழ 3,00,000 ஆண்டுப் பழைமையின என 2017இல் அறிவிக்கப்பட்டது. திராவிட மொழிக்குடும்பத்தின் அகவையை 2018இல் வெளியான ஓர் ஆய்வு ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. மாந்தரின் மொழித்திறன் தோன்றியது வேறு. தமிழ் தனிமொழியாகக் கிளைத்தது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்குவது பிழை.

தொல்காப்பியர் இவ்வகையில் நமக்கு நல்ல வழிகாட்டி. சொல் பொருளுணர்த்தும் காரணம் தெளிவாகப் புலப்படாது என உரியியலில் அவர் கூறுகிறார். காரணமே இல்லை என அவர் கூறவில்லை. இவ்வடக்கம் ஆய்வாளர்க்கு வேண்டுவதாகும்.

நம் வகுப்பறைகளில் தமிழும் மலாயும் அறிந்த மாணவர் உள்ளனர். 'சினி' என்பதைச் சுட்டி அவர்கள் வினவுங்கால், பாவாணரின் நுண்ணோக்கைப் போற்றியும் அவர்தம் முடிவை மறுத்தும் விடையிறுக்கும் துணிவு ஆசிரியர்க்கு வேண்டும். தமிழின் பெருமை அதனால் குறைவதில்லை.